மொதல்ல எலையப் போடு

ஏம்பா தம்பி, நீ நீட்டுன தாளப் படிச்சன். சனிக்கிழமை சாயந்தரம் ஆறரை மணிக்கு வரவேற்பு. ஏழு மணிக்குச் சாப்பாடு. ஏழரைக்குப் பேச்சு, இருவது நிமிஷம். எட்டு மணிக்குக் கலந்துரையாடல். ஒம்போதுக்கு ஜெபம். தலைப்பு, "வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?" பலே! பெண்ணாடத்துல சனிக்கிழமை சாயந்தரம் ஆறரை மணிக்கு வாழ்க்கைக்கு அர்த்தம் தேடறவன் எந்தக் கடை வாசல்ல நிப்பான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கியும் கலந்துரையாடல் ஜோராத்தான் நடக்குது. ஜெபம் மட்டும்தான் இல்ல.

நெத்தி நெறைய திருநீறு பூசுன கெழவன்கிட்ட வந்து, இயேசுவப் பத்திப் பேச எப்படிக் கூட்டாளிங்களக் கூப்புடறதுன்னு யோசனை கேக்குற பாரு, அந்தத் தைரியத்துக்கே நான் பதில் சொல்லணும். வர்றவன் பக்கத்துல இருந்து சொல்ல ஒரு ஆளு வேணும்னு உங்க பாஸ்டர் சொன்னாராமே, அவரு வெவரமான ஆளு. இந்த ஊர்ல நான் குந்தாத பந்தி கெடையாது. கல்யாணம், கருமாதி, கெடா வெட்டு, கிறிஸ்துமஸ், நோம்புக் கஞ்சி, எதையும் வுட்டதில்ல. உங்க வேதாகமத்தையும் பாதிரியார் பள்ளிக்கூடத்துல படிக்கிற காலத்துல படிச்சவன்தான். மனப்பாடம் பண்ணலன்னா அடி வுழும், அதனால இன்னும் மறக்கல.

இந்த ஏற்பாடு லண்டன்ல இருந்து வந்ததுன்னு சொன்ன. ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன்னு அங்க ஒரு சர்ச்சு. 1977ல சார்லஸ் மார்ன்ஹாம்னு ஒரு குருவானவரு, புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பிச்சது. 1990ல அது நிக்கி கம்பெல் கைக்கு வந்துது. அவரு சர்ச்சுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்களுக்கு ஏத்த மாதிரி அத மாத்தி அமைச்சாரு. ஆல்பான்னு பேரு. வாரம் ஒரு சாயந்தரம். மொதல்ல சோறு, அப்புறம் பேச்சு, அப்புறம் சின்னச் சின்னக் குழுவாக் குந்திப் பேசறது. ஒலகம் பூரா பரவிடிச்சி. இதுல எனக்குப் புடிச்ச சங்கதி ஒண்ணு உண்டு. அந்த கம்பெல் சாமியாரு ஆவறதுக்கு முந்தி வக்கீலா இருந்தவரு. ஆனா அங்க குழுவ நடத்தறவனுக்குச் சொல்லிவச்சிருக்கிற சட்டம், நீ வாதாடாத, பதில் சொல்ல அவசரப்படாத, வந்தவனப் பேச வுட்டுக் கேளு. வாய வச்சிப் பொழைச்ச மனுசன் ஒருத்தரு இந்தச் சட்டத்த வச்சி நடத்துறாருன்னா அதுல விஷயம் இருக்கு. உன் தாள்ல எல்லாத்துக்கும் நேரம் போட்டிருக்கிற. நீ வாய மூடிக்கினு இருக்கிற நேரம் எதுன்னு மட்டும் போடல.

ஆனா லண்டன் வேற, பெண்ணாடம் வேற. அங்க ஒரு பையன் வேலை முடிச்சி ரூமுக்குப் போனா, கதவத் தொறந்துவுட ஆள் இருக்காது. அவனுக்கு யாராவது ஒரு தட்டுச் சோறு போட்டு எதுக்க குந்திப் பேசுனா அதுவே பெரிய சமாச்சாரம். இங்க உன் கூட்டாளிக்கு அம்மாக்காரி கொழம்ப மூடி வச்சிக்கினு காத்திருப்பா. "வேற எடத்துல சாப்புட்டுட்டன்"னு சொன்னா, எங்க, யாரு வூட்டுல, என்னா போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு நாலு கேள்வி. அஞ்சாவது கேள்வி பக்கத்து வூட்டுல இருந்து வரும். எவன் எந்தத் தெருவுல கை நனைச்சான்னு வெடியறதுக்குள்ள ரயிலடி டீக்கடை வரைக்கும் போயிடும். அதனால தம்பி, இந்த ஊர்ல உன் இருவது நிமிஷப் பேச்சுக்கு முந்தியே உன் பந்தி பேசி முடிச்சிடும். யார் யாரக் கூப்புட்ட, யாரு பக்கத்துல யாரு குந்துனாங்க, எல்லாருக்கும் ஒரே தட்டா, அத யாரு கழுவுனா. இதத்தான் வர்றவன் கவனிப்பான். தலைப்பு அவனுக்கு ஞாபகம் இருக்காது.

விருந்துன்னு சொன்னா எங்க ஊருக்கு ஒரு பழைய பயம் உண்டு, அதையும் சொல்லிடறன். பெரிய புராணத்துல வர்ற கலிக்கம்ப நாயனாரு இந்த ஊருக்காரரு. வாணிகச் செட்டியாரு. தூங்கானை மாடத்துச் சிவனுக்கு அடிமை. அடியாருங்க யாரு வந்தாலும் கால் கழுவி, எலை போட்டு, சோறு போட்டு, கையில காசும் குடுத்து அனுப்புவாரு. அவரு வூட்டம்மா செம்புல தண்ணி ஊத்துவாங்க, இவரு கழுவுவாரு. ஒரு நாளு பந்திக்கு வந்த அடியாருல ஒருத்தன், முன்னால அவங்க வூட்டுலயே வேலை செஞ்சிட்டுக் கோவிச்சிக்கினு போனவன். அந்தம்மா ஆளக் கண்டுகினாங்க. செம்பு செத்த நேரம் நின்னுது. அவ்வளவுதான். நாயனாரு அந்தம்மா கையவே வெட்டிட்டு, செம்பத் தானே எடுத்து ஊத்திக் காலக் கழுவி முடிச்சாரு.

கோயில் கதைய நான் கேலி பண்ணல. அந்த மனுசனுக்கு அடியாருன்னா அடியாருதான், நேத்து வேலைக்காரனா இருந்தா என்னா. அந்த வைராக்கியத்துல பாதி இன்னைக்கி எவனுக்கும் கெடையாது. ஆனா சின்ன வயசுல இந்தக் கதையக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரு சந்தேகம். அந்தம்மாவ யாருமே ஒரு வார்த்தை கேக்கலியே? விருந்துக்கு யாரு வராங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா செம்பு நின்னிருக்குமா?

இப்ப உன் தாளுக்கு வருவம். எட்டுப் பேருக்குச் சாப்பாடுன்னு எழுதியிருக்கிற. சமைக்கிறது யாரு? எழுதல. உன் பொண்டாட்டி சாயந்தரம் நாலு மணிக்கு அடுப்புல நின்னா, ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரத்தோட நிப்பா. நடுவுல நீ கூடத்துல குந்தி "வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?"ன்னு கேப்ப. அவளுக்குக் கரண்டிதான் அர்த்தம். உங்க லூக்கா சுவிசேஷத்துலயே பத்தாம் அதிகாரத்துல இந்தப் பஞ்சாயத்து வந்துடுச்சேப்பா. மார்த்தாள் அடுப்படியில வேகுறா, தங்கச்சி மரியாள் இயேசு காலடியில குந்திக் கேக்குறா. அக்காளுக்குக் கோவம் வந்து நேரா அவரு கிட்டயே புகார் பண்ணுறா. அவரு தங்கச்சிய எழுப்பி உள்ள அனுப்பல. உங்க பாஸ்டரு இத வருஷத்துக்கு ஒருக்கா பிரசங்கம் பண்ணுவாரு. பிரசங்கம் முடிஞ்சதும் பொம்பளைங்கதான் டீ போட உள்ள போவாங்க. ஆகவே, சோறு எளிசா இருக்கட்டும். ஒரு சாதம், ஒரு கொழம்பு, ஒரு பொரியல், அப்பளம். மாசி பங்குனியில பச்ச முந்திரி கெடைச்சா அதுல ஒரு கொழம்பு. நம்ம விருத்தாசலம் சீமையில அதுக்கு ஈடா எந்தக் கறியும் கெடையாது, சைவக்காரனும் தின்பான், பாய் வூட்டுப் புள்ளையும் தின்பான். தட்ட ஆம்பளைங்க கழுவுங்க. உன் பொண்டாட்டியும் கூடத்துல குந்தட்டும். கூட்டாளிங்களோட வூட்டுக்காரம்மாக்களையும் கூப்புடு. பேச்சு தானா சூடு புடிக்கும்.

ஜெபம் பண்ணித்தான் சாப்புடணும்னா பண்ணு. யாரும் கோச்சிக்க மாட்டான், நாங்களும் காக்காவுக்கு வச்சிட்டுத்தான் திங்கறோம். ஆனா ஆமென் ரசம் ஆறறதுக்குள்ள வரணும். வந்தவங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லி "இவர்களுடைய இருளடைந்த கண்களைத் திறந்தருளும்"னு வேண்டிக்கினு இருக்காத. கண்ணத் தொறந்துக்கினுதான் அவன் அப்பளத்தப் பாத்துக்கினு இருப்பான்.

பந்தியில எடம் போடற விஷயத்துக்கு வரன். இதுல நீங்க புதுசா எதையும் கண்டுபுடிக்கத் தேவையில்ல, உங்காளுங்களே இந்த நாட்டுல முட்டி மோதிக் கத்துக்கினது ஏராளம். மதுரைக்கு 1606ல வந்த ராபர்ட் தெ நொபிலிய எடுத்துக்க. இத்தாலியில பெரிய வூட்டுப் புள்ள. காவி கட்டுனாரு, கறிய வுட்டாரு, ஒரு வேளைச் சோறு, சமைக்க ஐயரு. பேச்சுன்னு உக்காந்தா நாள்கணக்காப் பேசுவாரு. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு அப்படி நாளுக்கு நாலஞ்சு மணி நேரம் வாதாடித்தான் அவரு மார்க்கத்துக்கு வந்தாரு. எல்லாம் சரி. ஆனா அதே மதுரையில முன்னாடியே இருந்த பரவருங்க கோயிலையும், அதக் கவனிச்ச பெர்னாண்டஸ் சாமியாரையும் வுட்டு இவரு ஒதுங்கி இருக்க வேண்டியதாப் போச்சு. மேத்தட்டு ஆளுங்களோட பேசலாம், தன் கூட்டத்து ஆளோட ஒக்காந்து திங்க முடியாது. இந்தச் சண்டை ரோமாபுரி வரைக்கும் போயி, 1623ல போப்பு நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னாரு. தீர்ப்பு வந்துது, பந்தி சேரல.

அப்புறம் எரநூறு வருஷம் கழிச்சி அதே மதுரையில அமெரிக்க மிஷன்காரங்க நேர்மாறாப் போனாங்க. 1847ல அவங்க போட்ட கட்டளை, மிஷன்ல வேலை வேணும்னா எல்லாச் சாதிக்காரனோடவும் ஒண்ணா ஒக்காந்து தின்னு காட்டணும். அன்பின் விருந்துன்னு அதுக்குப் பேரு. பேரு என்னவோ அன்பு, நடந்தது பரீட்சை. எத்தனையோ உபதேசிமாருங்க, வேதத்த வரி வரியாச் சொல்லிக்குடுத்தவங்க, "வேலைய வுட்டாலும் வுடுவோம், அந்தச் சோத்தத் திங்க மாட்டோம்"னு எழுந்து போனாங்க. மூணு வருஷம் கழிச்சி மெட்ராஸ் மிஷனரிங்களும் கூடி அதே மாதிரிதான் தீர்மானம் போட்டாங்க. மிஷன்காரங்க பண்ணது தப்புன்னு நான் சொல்ல மாட்டன். எழுந்து போனவங்களுக்காக நான் அழவும் மாட்டன். சாமி பேருல எல்லாத்தையும் வுட்டவன் சோத்துப் பானை கிட்ட வந்ததும் நின்னுட்டான் பாரு, அதச் சொல்றன். உன் தாள்ல இருக்கிற எட்டுப் பேரப் பாத்தன். எல்லாம் ஒரே தெருக்காரனா, உன் அந்தஸ்துக்காரனா இருக்கானே? காலனியில இருந்து உன்கூட ஆலைக்கு வர்றானே, அவன் பேரு எங்க? அவன் ஏற்கெனவே உங்க சபைதான், அவனுக்கு எதுக்கு விருந்துன்னா சொல்லுற? அங்கதான் தம்பி உன் மத்த கூட்டாளிங்க உன்னப் புடிப்பானுங்க. உங்க லூக்கா பதினாலாம் அதிகாரத்தையும் செத்த பொரட்டிப் பாரு. திருப்பிக் கூப்புட வசதி இருக்கிறவன விருந்துக்குக் கூப்புடாத, வக்கத்தவனக் கூப்புடுன்னு உன் எசமான் பச்சையாச் சொல்லியிருக்காரு.

சோறு போட்டு மாத்துறாங்கன்னு ஊரு சொல்லுமேன்னு பயப்படுற. சொல்லும். சொல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். தாது வருஷப் பஞ்சத்துல, 1877 வாக்குல, திருநெல்வேலிப் பக்கம் கால்டுவெல் ஐயரு காலத்துல ஆயிரக்கணக்கான சனம் சபையில சேந்துது. கஞ்சிக்குப் போனவங்கன்னு ஏசுனாங்க. ஏசுனவங்கள்ல எத்தன பேரு கஞ்சி ஊத்துனாங்கன்னு கேட்டா பதில் வராது. நம்ம காலத்துலயே 2002 அக்டோபர்ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம்னு ஒண்ணு வந்துது. பலவந்தம், மோசடி, ஆசை காட்டறதுன்னு மூணு குத்தம். 2004ல எலெக்‌ஷன்ல அடி வுழுந்ததும் அத எடுத்துட்டாங்க. சட்டம் இருக்கட்டும் இல்லாம போவட்டும், ஒரு வெவரம் கேட்டுக்க. பிரியாணிக்கு வந்தவன் நல்ல பிரியாணி எங்கியோ அங்கப் போவான். இங்க பக்கத்துலயே ஆம்பூர்க்காரன் கடை போட்டுட்டான்னா உன் சபை காலி. அதுனால ஆசை காட்டற அளவுக்குச் சமைக்காத. எதுக்குக் கூப்புடறன்னு முன்னாடியே சொல்லிடு. "பொறந்த நாளு"ன்னு பொய் சொல்லிக் கூப்புட்டு, பாயசம் வர்ற நேரத்துல வேதாகமத்தத் தொறக்காத. எங்க பங்காளி ஒருத்தன் அப்படித்தான் ஒரு எடத்துல ஆப்புட்டுக்கினான். பாயசத்தயும் வுட முடியல, எழுந்திரிக்கவும் முடியல. அன்னைல இருந்து யாரு பாயசம்னாலும் அவனுக்குச் சந்தேகம்.

இப்பப் பேச்சுக்கு வருவம். வாதத்துக்கு இந்த மண்ணு பேரு போனது. மெய்கண்டாரு பொறந்தது இங்க. அவரு சின்ன வயசுலயே திருவெண்ணெய்நல்லூர்ல சிவஞானபோதம் சொல்லிக்கினு இருந்தாரு. அவங்க குடும்பத்துக்கே குருவான அருணந்தி சிவாச்சாரியாரு, சகல ஆகமமும் படிச்ச பெரியவரு, "நம்மள வந்து பாக்கலியே இந்தப் புள்ள"ன்னு நேராப் போயி நின்னு, "ஆணவ மலம்னா எப்படிப்பா இருக்கும்?"னு கேட்டாரு. புள்ள ஒண்ணும் பேசல. அவர மேல இருந்து கீழ வரைக்கும் ஏற எறங்கப் பாத்தாரு. பெரியவருக்குப் புரிஞ்சி போச்சு, கால்ல வுழுந்தாரு. அப்புறம் அவருதான் சிவஞான சித்தியார எழுதுனாரு. இதக் கேட்டுட்டு நீயும் சனிக்கிழமை யாரையாவது ஏற எறங்கப் பாத்து வைக்காத. உன் மொறைப்புக்கு எவனும் கால்ல வுழ மாட்டான், செருப்பத் தேடுவான்.

நம்ம அப்பரையும் எடுத்துக்க. சமணத்துக்குப் போயி, தருமசேனருன்னு பேரு வாங்கி, அங்க தலைவரா இருந்து, திரும்பி வந்தவரு. சமணத்துல கெடந்த ஒடம்பு சுத்தமாவட்டும்னு இந்தத் தூங்கானை மாடத்துலதான் தோள்ல சூலமும் எடபமும் பொறிச்சிக்கினாரு. அவரத் திருப்பிக் கொண்டாந்தது எந்த வாதமும் இல்ல. தாங்க முடியாத வயித்து வலி வந்துது; திருவதிகையில அக்கா திலகவதி இருந்தாங்க. அவ்வளவு வருஷமா அந்தம்மா தம்பி பின்னாடி தொரத்திக்கினு போயி நோட்டீஸ் குடுக்கல. அதிகையிலயே இருந்தாங்க, கோயில் வாசலக் கூட்டிக்கினு. வலிச்சப்ப அவருக்குப் போவ ஒரு வூடு இருந்துது. ஒன் கூட்டாளிக்கும் ஒரு நாளு வலிக்கும். அன்னைக்கி ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் தட்டுற கதவு உன்துதா இருக்குமான்னு யோசி. அதுக்கும் இருவது நிமிஷப் பேச்சுக்கும் சம்மந்தம் இல்ல.

பேச்சு வேணவே வேணாம்னு சொல்லல. ஸ்டான்லி ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்க மெதடிஸ்டு பாதிரியாரு, 1907ல இந்தியாவுக்கு வந்தவரு, வடக்க ஒரு ஏற்பாடு பண்ணாரு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லாத்தையும் வட்டமாக் குந்த வச்சி, ஒரே கட்டுப்பாடு போட்டாரு. உன் மதம் பெருசா என் மதம் பெருசான்னு வாதாடக் கூடாது. உன் மதம் உன் சொந்த வாழ்க்கையில உனக்கு என்னா பண்ணுச்சி, அத மட்டும் சொல்லு. 1928ல அதப் பத்திப் புஸ்தகமே போட்டாரு. தம்பி, இது கேக்கறதுக்குத்தான் எளிசு. "கடவுள் ஒருவரே"ன்னு யாரு வேணா பேசலாம். "கடன்காரன் வாசல்ல நின்னப்ப நான் ஜெபம் பண்ணன், பதில் வரல, இருந்தாலும் வுடல"ன்னு சொல்ல நெஞ்சு வேணும். உன் பக்கம் தோத்த கதையும் நாலு சொன்னாத்தான் அவன் வாயத் தொறப்பான். அவனுக்கும் சொல்ல உண்டுப்பா. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவன்கிட்ட, சபரிமலைக்கு மாலை போட்டவன்கிட்ட, எந்தச் சாமியும் இல்லன்னு கறுப்புச் சட்டை போட்டவன்கிட்ட, "உனக்கு அது என்னா பண்ணுச்சி?"ன்னு கேட்டுட்டு வாய மூடு. மெய்யாலுமே மூடு. அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள உன் மனசு அடுத்த வசனத்தத் தேடக் கூடாது.

சண்டை வந்தா? வரும். கறுப்புச் சட்டைக்காரன் சிலுவைப் போர ஆரம்பிப்பான், மாலை போட்டவன் மிஷனரிய ஆரம்பிப்பான், நீ மனுதர்மத்த ஆரம்பிப்ப. அந்த நேரத்துல விருந்து வச்சவன், நம்ம விருத்தாசலம் பேட்டையில பீங்கான்ல சுட்டு எடுக்கறாங்களே ஃப்யூஸ் கட்டை, அதுக்குள்ள இருக்கிற கம்பி மாதிரி இருக்கணும். கரண்டு ஏறுனா மொதல்ல தான் அத்துக்கினு போவணும், வூட்டு வயரு வேவக் கூடாது. "நீ சொல்றதுல ஞாயம் இருக்குப்பா, மோர் ஊத்திக்க"ன்னு தோத்துட்டுப் போ. அடுத்த சனிக்கிழமையும் அவன் வரணுமில்ல?

இதெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு இப்ப எடுக்கறன்.

உங்க இயேசுவப் பாத்தியா, அவரு விருந்து வச்சத வுட விருந்துக்குப் போனதுதான் சாஸ்தி. லேவி வூட்டுல, ஆயக்காரனுங்களோட. சீமோன்னு ஒரு பரிசேயன் வூட்டுல. மார்த்தாள் வூட்டுல. சகேயு மரத்து மேல இருந்தான், "எறங்கு, இன்னைக்கி உன் வூட்டுலதான் தங்கணும்"னு தானே சொல்லிக்கினு போனாரு. இவன் சோத்தத் தின்னா பேரு கெட்டுடும்னு ஊரு பேசிச்சு. பேசட்டும்னு தின்னாரு. நீ எதுக்கு எப்பவும் விருந்து வைக்கிறவனாவே இருக்கணும்ங்கற? வைக்கிறவன் கையிலதான் கரண்டி. எவ்வளவு ஊத்தறது, எப்ப நிறுத்தறது, எப்பப் பேச்ச ஆரம்பிக்கிறது, எல்லாம் அவன் இஷ்டம். திங்க வந்தவன் தலைய ஆட்டிக்கினு ஒக்காந்திருப்பான், சோத்துக் கடன். அவன் வூட்டுக்கு நீ போ. அவன் கரண்டியப் புடிக்கட்டும். அவன் பேச்ச ஆரம்பிக்கட்டும்.

இங்கதான் உங்க சபையில பல பேருக்கு வேர்க்கும். கிறிஸ்துமஸுக்கு உங்க வூட்டுப் பிரியாணித் தூக்கு எங்க வாசலுக்கு வரும், நாங்க வழிச்சித் திங்கறோம். எங்க வூட்டுச் சரஸ்வதி பூசைச் சுண்டலு உங்க வாசப்படியிலயே நின்னுடுது. "படைச்சதா ஆயா?" படைச்சதுதான். "வேணாம் ஆயா, ஜெபத்துல இருக்கோம்." என் பொண்டாட்டி கிண்ணத்த எடுத்துக்கினு திரும்பி வந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்தச் சுண்டல மாட்டுத் தொட்டியில கொட்டுவா. நாலு வருஷம் பழகுன பழக்கம் அன்னைக்கித் தொட்டியில போயிடும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதுன மொதல் கடுதாசி, பத்தாம் அதிகாரம் இருவத்தேழாம் வசனத்தப் பாரு. அவிசுவாசி ஒருத்தன் உன்ன விருந்துக்குக் கூப்புட்டு, உனக்கும் போவ மனசிருந்தா, போட்டதத் தின்னு, மனசாட்சிக்காக எதையும் நோண்டிக் கேக்காதன்னு எழுதியிருக்காரு. நீ சிரிக்கிற. தெரியும், அடுத்த வசனத்தச் சொல்லுவ. இது படைச்சதுன்னு ஒருத்தன் வாயால சொல்லிட்டா திங்காதன்னும் அவருதான் எழுதியிருக்காரு. அதுவும் எனக்கு மனப்பாடம்தான். அதுக்குத்தான் என் பொண்டாட்டி இப்ப ஒரு வழி பண்ணியிருக்கா. படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு ஒரு கிண்ணம் தனியா எடுத்து மூடி வச்சிடுவா. பாய் வூட்டுக்கு ஒண்ணு, உங்க வூட்டுக்கு ஒண்ணு. இந்த ஊர்ல பல வூட்டுல இந்த வழக்கம் உண்டு, எவனும் சொல்லிக்குடுத்ததில்ல. உன் மனசாட்சிக்காக எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத ஒரு கெழவி பானையில கரண்டிய முன்னாடியே வுடறா. நீ அவ மனசுக்காக என்னா முன்னாடியே எடுத்து வச்சிருக்கிற? உன் இருவது நிமிஷத்துல இதுக்கு எடம் இருந்தாச் சொல்லு, நானும் வந்து கேக்கறன்.

பக்கத்துலயே கோணாங்குப்பம் இருக்கு. வீரமாமுனிவரு கட்டுன பெரியநாயகி மாதா கோயிலு. விருத்தாசலத்து அம்மனுக்கும் பெரியநாயகின்னுதான் பேரு. மனுசன் ஊர்க்காரங்க அம்மாவ எப்படிக் கூப்புட்டாங்களோ அப்படியே தன் மாதாவையும் கூப்புட்டாரு, சேலையும் கட்டி வுட்டாரு. இத்தாலியில இருந்து பேச வந்தவரு அவரு, ஆனா மொதல்ல சுப்பிரதீபக் கவிராயரு கிட்ட மாணாக்கனாப் போயிக் குந்துனாரு. அதுக்கப்புறம்தான் தேம்பாவணி, சதுரகராதி எல்லாம். குறள்ல அறத்தையும் பொருளையும் லத்தீனுக்குக் கொண்டுபோனாரு. குருவையும் சீஷனுங்களையும் வச்சி அவரு எழுதுன பரமார்த்த குரு கதையப் படிச்சிட்டு இன்னைக்கும் புள்ளைங்க சிரிக்குதுங்க. சாமியாரு தொழில்ல இருந்துக்கினே குருமாருங்களப் பாத்துச் சிரிக்கத் தெரிஞ்சவரு. உன் கூட்டத்துல சிரிப்புக்கு எத்தன நிமிஷம் ஒதுக்கியிருக்கிற?

சரி, தாளக் குடு. "ஒம்போது மணி ஜெபம்"ங்கறத நான் அடிக்கல, அது உன் வூடு, உன் வழக்கம். எட்டுப் பேருல காலனித் தம்பி பேர நான் எழுதிட்டன். டீக்கடைக்காரன் சனிக்கிழமை கடைய வுட்டு வர மாட்டான், ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா வருவான். உனக்கு சர்ச்சும் முடிஞ்சிருக்கும். பாய் வூட்டுப் புள்ளைக்குக் கறி போடறதா இருந்தா அவனையே கூட்டிக்கினு போயி வாங்கு, அவனுக்குச் சந்தேகம் இருக்காது, உனக்கும் நல்ல தொடைக்கறியாக் கெடைக்கும். தலைப்ப மாத்து. "சும்மா வாங்க"ன்னு போடு.

ஆனா அதுக்கெல்லாம் முந்தி, வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி நீயும் உன் பொண்டாட்டியும் எங்க வூட்டுல சாப்புடறீங்க. வெள்ளிக்கிழமை கவிச்சி கெடையாது, கத்திரிக்காயும் முந்திரியும்தான். படைக்கல, பயப்படாத. கெழவி உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா வச்சிருக்கா. மன்னிப்புக் கேட்டா எப்பேர்ப்பட்ட பாவிக்கும் மோட்சத்துல எடம் உண்டுன்னு நீ சொன்னியாம். அப்படின்னா அவ மாமியாரும் அங்க இருப்பாளான்னு கேக்குறா. இருக்கறதா இருந்தா அவ யோசிக்கணுமாம். எங்கம்மாவப் பத்தின கேள்வி, நான் நடுவுல வாயத் தொறக்க முடியாது. உங்க பாஸ்டர்கிட்ட கேட்டுக்கினு வந்துடு.